வசதியாக வாழும் குடும்பம் ஏழைக் குழந்தைகளுக்கு என்ன செய்யலாம்? பணம் எங்கே போனால் பலன், எங்கே போனால் வீண்?

இரவுச் சாப்பாடு முடிந்து போனைக் கையில் எடுக்கிறீர்கள். வீடியோ தொடங்கும் முன் ஒரு விளம்பரம். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, பின்னணியில் சோக இசை, மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்லி ஒரு குரல். ஐந்து விநாடி காத்திருந்து 'ஸ்கிப்' பட்டனை அழுத்துகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளை கேட்கிறது: "ஏம்மா தள்ளிட்ட? அந்தப் பாப்பாவுக்கு நாம காசு குடுக்க மாட்டோமா?"

பெரும்பாலான வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள்தான் உண்டு. "அதெல்லாம் ஏமாத்து வேலை." "நம்மகிட்ட அவ்வளவு எங்க இருக்கு?" "கவர்மெண்ட் பாத்துக்கும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் சாக்கும் இருக்கிறது. எது உண்மை, எது சாக்கு என்று பிரித்துப் பார்த்தால், நல்ல சம்பளமும் பாதுகாப்பான வீடும் உள்ள ஒரு குடும்பம் செய்யக்கூடியது ஆச்சரியப்படும் அளவுக்கு நிறைய. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நமக்கு மனநிறைவு தரும் உதவியும் குழந்தைக்குப் பயன்படும் உதவியும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

எத்தனை குழந்தைகள்?

யுனிசெஃப்பும் உலக வங்கியும் 2023 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் உலகம் முழுக்க 33.3 கோடி குழந்தைகள் மிகக் கொடிய வறுமையில் இருந்தார்கள். ஆறு குழந்தைகளில் ஒருவர். தலைக்கு நாளொன்றுக்கு 2.15 டாலருக்கும் குறைவாகச் செலவிடும் வீட்டில் வளர்கிறவர்கள் என்று இதற்கு அர்த்தம். உடனே டாலர் விலையால் பெருக்கி, 'அவ்வளவு ரூபா இருந்தா நம்ம ஊர்ல சமாளிச்சுடலாமே' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கடையில் 2.15 டாலருக்கு என்ன வாங்க முடியுமோ, அந்த அளவுக்குச் சமமான பொருள்தான் கணக்கு. சாப்பாடு, துணி, வாடகை, மருந்து எல்லாம் அதற்குள். 2025இல் உலக வங்கி இந்தக் கோட்டை 3 டாலராக உயர்த்தியது.

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குழந்தைகள். ஆனால் கொடிய வறுமையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

'எவ்வளவு குடுத்தாலும் தீராது' என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. 1990இல் ஐந்து வயதை எட்டும் முன் இறந்த குழந்தைகள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022இல் அது 49 லட்சம். தடுப்பூசி, கொசுவலை, சுத்தமான குடிநீர், படித்த தாய்மார்கள், சாலை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

அந்த இறக்கம் அப்படியே தொடரும் என்பதற்கு இப்போது உத்தரவாதம் இல்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. இதனால் 2030க்குள் கூடுதலாக 1 கோடியே 40 லட்சம் பேர் இறக்கக்கூடும், அவர்களில் 45 லட்சம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான். ஆனால் 'பெரிய நாடுகள் பாத்துக்கும்' என்று சும்மா இருக்க இனி முடியாது.

"நம்ம நாட்டுலயே இவ்வளவு கஷ்டம் இருக்கே, ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் 'உலகக் குழந்தை வறுமை' என்றதும் ஏன் ஆப்பிரிக்கா மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது? தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நீண்டகால ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளம் அது. அதே ஆய்வில், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் கேரளத்தில் 5.2, தமிழ்நாட்டில் 22.3, உத்தரப் பிரதேசத்தில் 59.8. கொச்சியிலிருந்து லக்னோவுக்கு ஒரு ரயில் பயணம். குழந்தை பிழைக்கும் வாய்ப்பில் அதற்குள் அத்தனை இடைவெளி.

ஆக, உள்நாட்டில் கொடுப்பவர்கள் உலக வறுமையை விட்டுவிட்டோம் என்று சங்கடப்பட வேண்டாம். உங்கள் பணம் உங்கள் சொந்த ஊரைத் தாண்டி பிகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்கும் போகட்டும். வெளிநாட்டு அமைப்புக்கே கொடுக்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். ஆனால் அதற்கு இங்கே வரிச்சலுகை இல்லை, வங்கியில் படிவ வேலையும் கொஞ்சம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு உள்நாட்டு அமைப்புதான் எளிது.

"நாம மிடில் கிளாஸ்தானே?"

இதையும் கணக்கிலேயே பார்த்துவிடலாம். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு (2023-24) சொல்வது: நகர்ப்புறத்தில் மிக அதிகமாகச் செலவு செய்யும் 5 சதவீதத்தினரின் சராசரி மாதச் செலவு தலைக்கு 20,310 ரூபாய். கிராமப்புறத்தில் மிகக் குறைவாகச் செலவு செய்யும் 5 சதவீதத்தினருக்கு அது 1,677 ரூபாய்.

நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மளிகை, ஸ்கூல் வேன், ஓடிடி, ஸ்விக்கி எல்லாம் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் செலவாகிறதா? அப்படியானால் நீங்கள் நடுவில் இல்லை, இந்திய நகரங்களின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பெங்களூரிலோ மும்பையிலோ வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது கோபம் வரவைக்கும். மாசக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது உண்மைதான். எங்கே நிற்கிறோம் என்பதைப் பக்கத்து ஃபிளாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே பழகிவிட்டோம்.

குளத்தில் விழுந்த குழந்தையும் ஒரு பிடி அரிசியும்

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில், இரண்டு விஷயங்கள் பிறந்தன.

ஒன்று கேள்வி. ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் அந்த அகதிகளை மனதில் வைத்து எழுதிய கட்டுரை 1972இல் வெளியானது. ஆழமில்லாத ஒரு குளத்தில் குழந்தை மூழ்குவதைப் பார்க்கிறீர்கள். இறங்கினால் காப்பாற்றிவிடலாம், உடை மட்டும் சேறாகும். இறங்காமல் போவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் சாகும் குழந்தைக்கு அந்த உடையின் விலையைக் கொடுக்காமல் இருப்பது மட்டும் எப்படிச் சரி? இதுதான் அவர் கேட்டது.

இன்னொன்று பதில். வங்க எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் கரைத்துவைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். மருத்துவ உலகம் அப்போது முழுமையாக நம்பாத முறை. 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் கதை அது. மகாலனபிஸ் 2022இல் காலமானார், அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

சிங்கரின் கேள்வியில் ஒரு தொல்லை உண்டு. குளம் ஒன்றல்ல, கோடிக்கணக்கில். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இறங்கினால் உங்கள் வீடு தாங்காது. ஒன்றுக்குமே இறங்காமல் இருந்தால் மனசு கேட்காது. இரண்டுக்கும் நடுவில் குற்ற உணர்வில் ஊசலாடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் லாபமில்லை. இதற்கு நம் முன்னோர்கள் கண்ட வழி எளிமையானது: பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடு. இஸ்லாத்தில் ஜகாத் 2.5 சதவீதம். சீக்கியர்களிடம் தஸ்வந்த், அதாவது பத்தில் ஒன்று. விருதுநகர் வணிகர்களிடம் மகமை. அங்கே தொடங்கிய சத்திரிய வித்யாசாலை பள்ளிக்காக வீடுவீடாகப் பிடி அரிசி சேர்த்தார்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். மிச்சத்தைத்தான் சமைக்க வேண்டும். காமராஜர் சிறுவயதில் படித்த பள்ளி அது.

பிடி அரிசியின் சூட்சுமம் அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சினால் கொடுப்பது என்றால் ஒருநாளும் மிஞ்சாது. எனவே உங்கள் மாதச் செலவில் ஒரு சதவீதம் என்று வையுங்கள். 80,000 ரூபாய்க்கு 800 ரூபாய். சம்பளம் வந்த மறுநாளே வங்கியிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். பத்து சதவீதம் கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், உங்களால் முடிந்தால் சந்தோஷம். ஆனால் ஒரு மாதம் உணர்ச்சிவசப்பட்டு 10,000 கொடுத்துவிட்டு மூன்று வருஷம் மறந்துபோவதைவிட, நிற்காமல் வரும் 800 ரூபாய் ஓர் அமைப்புக்கு அதிகம் உதவும். அதை நம்பித்தான் அவர்கள் ஒரு டீச்சரை வேலைக்கு எடுக்க முடியும்.

இப்படி ஒதுக்கிவிட்டால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அடுத்த சோக விளம்பரத்தை ஸ்கிப் செய்யும்போது உறுத்தாது.

சரி, பணம் எங்கே போகணும்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். மனதைத் தொடும் திட்டம் எது என்று பார்க்கிறோமே தவிர, வேலை செய்யும் திட்டம் எது என்று பார்ப்பதில்லை. கடந்த 25 ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்க்கும் ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது அதற்காகத்தான்.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதிக் கிராமங்களில் சேவா மந்திர் அமைப்புடன் சேர்ந்து அவர்கள் குழு செய்த சோதனை ஒன்று. எதுவும் செய்யாத கிராமங்களில் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் தாயிடம் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். ஊசி இலவசம்தான். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அம்மாவுக்கு அந்தப் பருப்பு ஒரு காரணம் கொடுத்தது. பருப்பு கொடுத்ததால் செலவு கூடியதா என்றால், ஒரே நாளில் அதிகக் குழந்தைகள் வந்ததால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு குறைந்தது.

படிப்பிலும் இதே கதை. 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வில், கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. இதற்குப் பை, நோட்டு, சீருடை கொடுப்பது பதிலாகாது. பிரதம் அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் தொடங்கிப் பார்த்த வழி வேறு. எந்த வகுப்பு என்று பார்க்காமல், குழந்தைக்கு எது தெரியுமோ அங்கிருந்து கற்றுக்கொடுப்பது. செலவு குறைவு, பலன் திரும்பத் திரும்ப நிரூபணமானது. இன்று ஜாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை: ஒரு இளம்பெண், கரும்பலகை, தரையில் பதினைந்து குழந்தைகள்.

பணத்தை நேரடியாகக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டால்? 'குடிச்சே தீர்த்துடுவாங்க' என்பதுதான் நம்மில் பலரின் முதல் எண்ணம். கென்யாவின் சியாயா மாவட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாமல் 1,000 டாலர் கொடுத்ததை ஆராய்ந்த ஆய்வு 2025இல் வந்தது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவமனை அருகில் இருந்த இடங்களில், பிரசவ நேரத்தையொட்டிப் பணம் கிடைத்தவர்களிடம், பலன் அதிகம். நிறைமாதத்தில் வயல் வேலைக்குப் போகாமல் இருக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்தப் பணம் உதவியது.

ஓஆர்எஸ் விஷயத்தையும் முடித்துவிடுவோம். இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் சுமார் 61 சதவீதம் பேருக்குத்தான் அது கொடுக்கப்படுகிறது. இத்தனைக்கும் விலை மிகக் குறைவு. ஏன் இப்படி என்று கர்நாடகத்திலும் பிகாரிலும் 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கடையில் இருப்பு இல்லாதது சின்னக் காரணம்தான். 'பேஷண்டுக்கு இது பிடிக்காது, மாத்திரைதான் கேட்பாங்க' என்று கொடுப்பவர்களே நினைத்துக்கொள்வதுதான் பெரிய காரணம். கேட்டால் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "ஓஆர்எஸ் கேட்டு வாங்குங்க" என்ற ஒரு வரி 500 ரூபாய்த் தாளைவிடப் பயன்படும். கடையில் பழச்சாறு போல விற்கும் சர்க்கரைப் பானங்கள் ஓஆர்எஸ் அல்ல. அந்தப் பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

ஒரு குழந்தையை 'ஸ்பான்சர்' செய்யலாமா?

போட்டோ, பெயர், கையெழுத்தில் ஒரு கடிதம். கொடுப்பவருக்கு இதைவிட நிறைவு எதிலும் கிடைக்காது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலான பெரிய அமைப்புகளில் உங்கள் பணம் அந்த ஒரு குழந்தையின் கைக்குப் போவதில்லை. கிராமத்துக்கான திட்டத்துக்குப் போகிறது, குழந்தை அதன் முகம். இது மோசடி அல்ல, பார்க்கப்போனால் நல்லதுதான். ஒரே தெருவில் ஒரு குழந்தைக்கு மட்டும் செருப்பும் பையும் வந்தால் மற்ற குழந்தைகள் என்ன நினைக்கும்?

பலன் உண்டா என்றால் உண்டு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பின் திட்டத்தை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், ஸ்பான்சர் பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஓர் ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். ஆனால் அதே அமைப்பு, வெளிநாட்டு நிதி பெறுவதற்கான அரசுக் கட்டுப்பாடுகளுக்குப் பின் 2017 மார்ச்சில் இந்தியாவில் தன் பணியை முடித்துக்கொண்டது. மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்றது அரசுத் தரப்பு, அமைப்பு அதை மறுத்தது. யார் சரி என்பது வேறு விவாதம். லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி ஒரு தேதியோடு நின்றது. எங்கோ இருக்கும் ஒருவரின் மாதப் பணத்தை மட்டும் நம்பிய திட்டத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி நம் அரசிடமே இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாய் வளர்க்கும் குழந்தை, பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தை, பெற்றோர் கடும் நோயில் இருக்கும் குழந்தை போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தனியாரும் ஸ்பான்சராக முன்வரலாம். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பணம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, தகுதியுள்ள ஒரு தாயைக் கூட்டிக்கொண்டுபோய் விண்ணப்பம் போட வைத்தால், அதுவே வருஷம் 48,000 ரூபாய் நன்கொடைக்குச் சமம்.

பிறந்தநாளை இல்லத்தில் கொண்டாடலாமா?

இதைப் படிக்கும் பலரும் செய்திருப்பீர்கள். நல்ல மனசோடுதான். ஆனால் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். வாரம் நான்கு கேக், நான்கு குடும்பங்கள், நான்கு குரூப் போட்டோ. யாரும் மறுபடி வருவதில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் பாட்டுப் பாடி நன்றி சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையை அப்படி யாராவது நிற்க வைத்தால் விடுவீர்களா?

உலக அளவில், இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009இல் மதிப்பிட்டது. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. இல்லத்துக்குப் பணம் கொட்டுவதைவிட, குழந்தையை அம்மாவிடமே வைத்துக்கொள்ள உதவும் திட்டத்துக்குப் பணம் போவது நல்லது.

சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41வது பிரிவுப்படி எல்லா இல்லங்களும் பதிவு செய்திருக்க வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 74வது பிரிவுப்படி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். அந்த இன்ஸ்டா ஸ்டோரியைப் போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் கையேந்தும் குழந்தையிடம் காசு கொடுக்காமல், 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் உண்டு.

வீட்டுக்குள்ளே ஒரு பார்வை

தூரத்துக் குழந்தைக்குப் பணம் அனுப்பும் வீட்டிலேயே பன்னிரண்டு வயதுப் பெண் பாத்திரம் தேய்ப்பது நம் நகரங்களில் அபூர்வம் அல்ல. "ஊர்ல கஷ்டப்படற குடும்பம், இங்க வந்தா சாப்பாடாவது கிடைக்கும்" என்பார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. 2016 சட்டத் திருத்தம் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் அந்தத் தடையை விரித்தது. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 18 வயதுக்குட்பட்டவரை அடைத்து வைத்து வேலை வாங்கினாலோ, சம்பளத்தைப் பிடித்து வைத்தாலோ, இளைஞர் நீதிச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. பக்கத்து ஃபிளாட்டில் பார்த்தாலும் 1098தான்.

வயதுவந்தவர்தான் வேலை செய்கிறார் என்றாலும் கணக்கு முடியவில்லை. அவர் சம்பளத்தை வருஷா வருஷம் உயர்த்துகிறீர்களா? உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடிக்கிறீர்களா? அவர் பிள்ளை பன்னிரண்டாவது முடித்தால் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை இணையதளம் இவற்றையெல்லாம் பூர்த்தி செய்ய யாராவது உட்கார்ந்து உதவுகிறார்களா? உங்களுக்கு அரை நாள் வேலை. தீபாவளிக்குப் பழைய துணி கொடுத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதைவிட இது அந்தக் குழந்தையைத் தூரம் கொண்டுபோகும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

"சாப்பாட்டை வீணாக்காதே, சோமாலியாவுல குழந்தைங்க பட்டினி கிடக்குது" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நாம். அதனால் ஒரு சோமாலியக் குழந்தைக்கும் சாப்பாடு போகவில்லை, நமக்குக் குற்ற உணர்வு மட்டும் வந்தது.

டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு வேறு வழி காட்டுகிறது. சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2007இல் டெல்லியில் உத்தரவு வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பகிர்ந்துகொண்டார்கள். தொடர் ஓட்டப் பந்தயத்துக்கு ஜோடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வசதியைப் பார்க்காமல் வேகமாக ஓடுபவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர்கள் பயந்ததும் கொஞ்சம் நடந்தது: ஆங்கில மதிப்பெண் சற்றே குறைந்தது, கெட்ட வார்த்தை கூடியது. இந்தி, கணக்கில் பாதிப்பு இல்லை.

2010இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை இப்படி ஒதுக்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தக் குழந்தைகளைத் தனி செக்ஷனில் உட்கார வைக்கிறார்களா என்று அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டுப்பாருங்கள். சுற்றுலாவுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்பவர்கள் யார் என்றும் கேளுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பில் யாரை அழைக்கிறோம் என்பதில் உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

மாதம் ஒதுக்கும் தொகை எங்கே போகிறது என்பதை அவர்களிடமும் காட்டுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு உதய்ப்பூர் பருப்புக் கதை நன்றாகவே புரியும்.

ரசீது, வரி, விசாரணை

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நித்தி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிவு இருக்கிறதா, ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?' என்பதையே எல்லோரும் கேட்கிறோம். ஆனால் நல்ல கணக்காளர், நல்ல மேற்பார்வையாளர் இல்லாத அமைப்பு மலிவாக இருந்து என்ன பயன்? 'போன வருஷம் எது சரியா வரல, அதுக்கு என்ன மாத்தினீங்க?' என்று கேளுங்கள். நேர்மையான அமைப்பு இதற்கு நீளமாகப் பதில் சொல்லும்.

வரிச்சலுகையைப் பொறுத்தவரை, புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், எல்லோரும் இன்னும் '80ஜி' என்றே சொல்கிறார்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. புதிய முறையில் இருந்தால் கிடைக்காது. பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகையில் 50 சதவீதம்தான் கழிக்கப்படும், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, எனவே யுபிஐ அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள். பான் எண்ணை மறக்காமல் கொடுத்துவையுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் அமைப்பு உங்களுக்கு நன்கொடைச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். இதுவரை '10பிஇ' என்று அழைக்கப்பட்ட படிவம் அது. வெறும் ரசீது போதாது. ஜூன் முதல் வாரம் வரை வரவில்லை என்றால் மெயில் போட்டுக் கேளுங்கள்.